எம்ஆர்ஐ எடுத்த பிறகும் வெனோகிராம் எதற்கு?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து அப்பாவை வேலூருக்கு அழைத்துப் போயிருக்கிறோம். மண்டையோட்டின் அடிப்பகுதியில், காதுக்கு உட்புறம் கட்டி. எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, வெனோகிராமும் எடுக்கச் சொல்கிறார்கள். ஏன்?

கட்டி எங்கே என்று எம்ஆர்ஐ சொல்லும். ஆபரேஷனில் கட்டியை அடைய எந்த வழியாகப் போகலாம் என்பதைப் பல நேரம் சிரைகள்தான் முடிவுசெய்யும், அவை ஆளுக்கு ஆள் மாறும். அந்தச் சிரைகளைக் காட்டும் படம்தான் வெனோகிராம்.

முதலில் பார்ப்பது காதுக்குப் பின்னால் வளைந்து இறங்கும் சிக்மாய்டு சைனஸ். இங்கே சைனஸ் என்பது மூக்கில் வருவது அல்ல, மூளையின் ரத்தத்தை வெளியேற்றும் பெரிய சிரைப் பாதை. பெரும்பாலோருக்கு வலப்பக்கம்தான் பெரிது. கட்டியுள்ள பக்கம் மட்டுமே நல்ல சைனஸ் இருந்தால், அது அடைபடும்போது ரத்தத்துக்கு மாற்றுப்பாதை இல்லை. ரத்தக்கசிவை நிறுத்தப் பஞ்சை அளவுக்கு மீறித் திணித்தாலே அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது லாபே சிரை. பொட்டுமடலின் (நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதி) ரத்தத்தை இறக்கி, வழக்கமாக டிரான்ஸ்வர்ஸ் சைனஸில் (சிக்மாய்டு சைனஸுக்கு முந்தைய பகுதி) சேரும். சிலருக்கு முன்கூட்டியே பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே உள்ள டென்டோரியம் என்ற சவ்வுக்குள் நுழைந்துவிடும். அது தெரியாமல் சவ்வை வெட்டினால் சிரையும் போச்சு. வெட்டவே வேண்டாம், மூளையை ரிட்ராக்டர் என்ற விலக்கிப் பிடிக்கும் கருவியால் நெடுநேரம் தூக்கிப் பிடித்தாலும் சிரை இழுபட்டு உறையும். உள்ளே வரும் ரத்தம் வெளியேறாமல் மூளை வீங்கும், ரத்தம் கசியும். இடப்பக்கமானால் பேச்சு குழறலாம், பிறர் பேசுவது புரியாமல் போகலாம். வீக்கம் உடனே தெரியாது. முதல் நாள் நன்றாகப் பேசியவர் மறுநாள் மந்தமாகலாம். அதனால்தான் ஐசியூவில் அடிக்கடி எழுப்பிப் பேச வைக்கிறார்கள் (சொந்தக்காரர்களுக்கு இது தொந்தரவாகத்தான் தெரியும்).

பெரிய சிரையில் கட்டி ஒட்டியிருந்தால் கொஞ்சத்தை விட்டுவிட்டு, பிறகு கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. அது அரைகுறை ஆபரேஷன் இல்லை. ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: அப்பாவுக்கு எந்தப் பக்க சைனஸ் பெரிது, லாபே சிரை எங்கே சேர்கிறது?