பழைய ஓட்டு வீட்டை இடிக்கும் முன்

பாலக்கோடு பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்துப் புது வீடு கட்டப் போவதாகவும், இடிப்பவர் "கூலி வேண்டாம், பொருளை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லும் தேக்கு நிலையும் கதவுமே நல்ல விலை பெறும்.

நிலையின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையான் அரித்திருக்கிறது. அந்தப் பகுதியை அறுத்துவிட்டு, மீதியை ஜன்னல் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

செங்கல் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதென்றால் உங்களுக்கு யோகம்தான், லேசாகக் கொத்தினாலே சாந்து உதிர்ந்துவிடும். சிமெண்ட் என்றால் பாதிக் கல் உடையும். இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் சுவருக்கு, மந்தமாகக் கேட்டால் பேஸ்மட்டம் நிரப்ப. கிருஷ்ணகிரியில் எங்கள் காம்பவுண்டுச் சுவர் முழுக்க இப்படித் தேறிய கல்தான். கட்டும் முன் நன்றாக நனைத்துவிடுங்கள். கடைக்கால் கருங்கல் ஒன்றைக்கூட விடாதீர்கள், புதுக் கடைக்காலுக்கே ஆகும்.

பழைய கம்பி இருந்தால் அதை மட்டும் தூணுக்கோ தளத்துக்கோ போடவே போடாதீர்கள். துருவேறி, வளைத்து நிமிர்த்திய கம்பியை நம்பிக் குடும்பம் படுத்துத் தூங்க முடியாது. எடைக்குப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், பொக்லைன் வேண்டாம். ஆள் வைத்து, ஓட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் இறக்குங்கள்.