நண்பர் ஒருவர்

வணக்கம்.

மொழி பற்றி நீங்கள் எழுதும் பதில்களை விடாமல் படிப்பவள் நான். வேலை முழுக்க ஆங்கிலத்தில்தான். போன வாரம் ஒரு கூட்டத்தில் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பையன் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று மெல்லத் திருத்தினான். நான் பேசியது ஒரே ஒரு தோழியைப் பற்றி. அதற்கு எதற்குப் பன்மை? சரி, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அங்கே வேறு குழப்பம். ‘ஆஃப்’ என்றாலே ‘உடைய’ என்று படித்திருக்கிறோம். ‘மைன்’ என்றாலும் ‘என்னுடையது’. ஒரு தோழிக்கு எத்தனை ‘உடைய’? விதி வேண்டாம், காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பையன் திருத்தியது சரிதான். ஆனால் உங்கள் வாயில் வந்ததைக் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ‘என் ஃப்ரெண்ட் ஒருத்தி’ என்று மனசுக்குள் ஓடியது அப்படியே ஆங்கிலச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தமிழில் அந்த இடத்தில் தோழி ஒருமைதானே. அதனால் ‘ஃப்ரெண்ட்’டும் ஒருமையாக நின்றுவிட்டது.

இன்னொரு தமிழ் வடிவத்தையும் பாருங்கள்: ‘என் தோழிகளில் ஒருத்தி.’ இங்கே ‘தோழியில் ஒருத்தி’ என்று நீங்கள் தூக்கத்தில்கூடச் சொல்ல மாட்டீர்கள். ஒரு கூட்டம் இருந்தால்தான் அதிலிருந்து ஒருத்தியைப் பிரித்துக் காட்ட முடியும். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ இதற்குத்தான் நேர். பேச்சில் ‘களில்’ நமக்கு அவ்வளவாக வருவதில்லை, கொஞ்சம் மேடை வாசனை அடிக்கும். அதனால் பேச்சுத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவும்போது அந்தப் பன்மை வழியில் விழுந்துவிடுகிறது.

அப்படியானால் ‘என் தோழி ஒருத்தி’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஜோடி எது? நீங்கள் சந்தேகப்பட்ட அதே ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ‘ஒரு’, ‘என்’ இரண்டையும் தோழிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ‘ஒரு என் தோழி வந்தாள்’: தமிழ் ஏற்காது. ‘எ மை ஃப்ரெண்ட்’: ஆங்கிலமும் ஏற்காது. வாசலில் ஒருவர்தான் நிற்கலாம் என்றால் யாரையாவது பின்கட்டுக்கு அனுப்ப வேண்டும். தமிழ் ‘ஒரு’வை ‘ஒருத்தி’யாக்கிப் பின்னால் அனுப்பியது. ஆங்கிலம் ‘மை’யை ‘மைன்’ ஆக்கிப் பின்னால் அனுப்பியது. நெரிசல் ஒன்றுதான், ஒதுங்கிய ஆள்தான் வேறு.

ஆங்கில வாசல் எப்போதும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், ஊதாரி மகன் உவமையில், தகப்பன் ‘திஸ் மை சன்’ என்கிறார். இன்று அதைச் சொன்னால் பழைய வாடை அடிக்கும். ‘திஸ் சன் ஆஃப் மைன்’ என்றுதான் இப்போது வரும். இந்தப் பின்கட்டு வழியும் புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசரின் செய்யுளிலேயே ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் ஹிஸ்’ இருக்கிறது.

இனி உங்கள் இரட்டை ‘உடைய’. இது உங்களை மட்டும் உறுத்திய கேள்வி இல்லை. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத், ‘எ சோல்ஜர் ஆஃப் த கிங்ஸ்’ என்பதை எடுத்துக்கொண்டு, ராஜாவின் வீரர்களில் ஒருவன் என்று அதற்குப் பொருள் சொன்னார். அதாவது ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ என்றால் ‘என்னுடையவர்களில்’ ஒரு தோழி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘தட் லாங் நோஸ் ஆஃப் ஹிஸ்’ என்றும் சொல்கிறார்களே? அவனுடைய மூக்குகளில் ஒரு மூக்கா? டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இந்த மூக்கைக் காட்டித்தான் அந்த விளக்கத்தை மறுத்தார். நான் யெஸ்பர்சன் பக்கம். இங்கே ‘ஆஃப்’ எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை, பின்னால் போன ‘மைன்’ தொங்குவதற்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

‘மைன்’ வேண்டாம், ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ’ என்று சிக்கனமாகச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்’, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்ஸ்’ இரண்டும் புழக்கத்தில் உண்டு. இரண்டுக்கும் பொருளும் ஒன்றுதான். போட்டோவுக்கு வந்தால் கதை மாறும். ‘எ போட்டோ ஆஃப் மை பிரதர்’ என்றால் போட்டோவில் இருப்பது அண்ணன். ‘எ போட்டோ ஆஃப் மை பிரதர்ஸ்’ என்று, அந்த ‘ஸ்’ உடைமையாகச் சேர்ந்தால், அண்ணனிடம் இருக்கும் அல்லது அண்ணன் எடுத்த போட்டோ. அதில் ஒரு பூனைகூட இருக்கலாம். நாம் ‘அண்ணனோட போட்டோ’ என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிட்டு, சந்தர்ப்பம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். உங்களுக்கு வேண்டாத இரண்டாவது ‘உடைய’ இந்த இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. (பேச்சில் அதே ‘ஸ்’ இரண்டு மூன்று அண்ணன்களாகவும் கேட்கும் என்பது தனிக் கதை.) உயிரற்றவற்றுக்கு இந்த வசதி கிடையாது. மேசையின் கால் ‘எ லெக் ஆஃப் த டேபிள்’ மட்டுமே.

மூக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். ‘தட்’ சேர்ந்ததும் இந்தத் தொடருக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. ‘யுவர் டாக்’ என்றால் உங்கள் நாய். ‘தட் டாக் ஆஃப் யுவர்ஸ்’ என்றால், ‘உங்க நாய் இருக்கே...’ அடுத்து வருவது புகாராக இருக்கலாம், கொஞ்சலாகவும் இருக்கலாம். வெறும் தகவலாக இருப்பது அபூர்வம். இதை ‘யுவர் தட் டாக்’ என்று சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் ‘உங்களோட அந்த நாய்’ என்ற தமிழ்தான். ‘நோ’ சேர்ந்தால் இன்னும் கடுமை. ‘நோ டாட்டர் ஆஃப் மைன்’ என்று ஒரு அப்பா தொடங்கினால், ‘எனக்குப் பொறந்தவ இப்படிச் செய்ய மாட்டா’ என்ற குரல் அது.

ஆக, ‘ஒருத்தி’ என்று மனசில் வரும்போது ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ சொல்லுங்கள், ‘களில்’ என்று வரும்போது மட்டும் ‘ஒன் ஆஃப்’. வினை அந்த ‘ஒன்’னுக்குக் கட்டுப்பட்டது என்பதால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று சொன்ன வேகத்தில் ‘ஆர்’ போட்டுவிடாதீர்கள், ‘இஸ்’தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தத் தொடரைத் தவிர்ப்பது நல்லது. ‘எ வைஃப் ஆஃப் மைன்’ என்று யாராவது சொன்னால், கேட்பவர் அடுத்து விசாரிப்பது மற்ற மனைவிகளைப் பற்றித்தான்.

அன்புடன்.