பழைய ராணுவ ரைஃபிளின் முன் சைட்டை நாமே கழற்றி மாற்றலாமா?

கேள்வி இதுதான்: பழைய ராணுவ ரைஃபிள் ஒன்று கையில் இருக்கிறது, முன் சைட்டின் (குழல் நுனியில் குறி பார்க்க நிற்கும் முள்) முனை அடிபட்டுத் தேய்ந்திருக்கிறது, சுட்டால் குண்டு மேலே போகிறது. அந்த சைட்டை நாமே கழற்றிப் புதிது போடலாமா?

உரிமம் உங்கள் பெயரில் இருந்து, உங்கள் நாட்டுச் சட்டமும் இடம் கொடுத்தால், தாராளமாகப் போடலாம். ஆனால் முதல் தடவை நான் அதைக் கெடுத்தேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அது லீ என்ஃபீல்டு நம்பர் 4 என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். சைட்டின் இரண்டு பக்கமும் நிற்கும் காதுகளைக் கழற்றிவிட்டு, பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினேன். அசையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். அப்போதும் அசையவில்லை. கடைசியில் பிளேடு, அதாவது குறி பார்க்கும் தகடு, ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பும் நசுங்கிவிட்டது. அப்புறம்தான் சைட் உட்காரும் அடிக்கட்டையின் முன்புறத்தைக் கரைப்பான் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ! சைட்டை இறுக்கிப் பிடித்திருந்ததே அதுதான். அரைச் சுற்றுத் தளர்த்தியதும், இரண்டு தட்டில் வெளியே வந்துவிட்டது.

அதனால் சுத்தியலை எடுப்பதற்கு முன் துடைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரைஃபிளும் சைட்டை ஒவ்வொரு விதமாகப் பிடித்து வைத்திருக்கும். பெரும்பாலானவற்றில் கீழே அகன்று மேலே குறுகிய ஒரு குறுக்குப் பள்ளம் இருக்கும், டவ்டெயில் என்பார்கள். சைட் அதில் பக்கவாட்டில் நுழைந்து நிற்கும். மோசின் நாகன்ட் 91/30-இல் முள்ளைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அந்த வளையத்தோடுதான் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். சிலவற்றில் நகராமல் இருக்க ஓரத்தில் 'பஞ்ச்' என்ற கூர்முனை உளியால் ஒரு குத்து விட்டிருப்பார்கள். சிலவற்றில் குறுக்கே ஒரு சின்ன ஆணி (பின்) போட்டிருக்கும், சிலவற்றில் என்னைப் படுத்திய அந்த ஸ்க்ரூ.

இன்னொன்று. குண்டு மேலே போகிறது என்றீர்கள், அது சைட்டின் கோளாறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்வீடன் மவுசர் எம்/96-இன் பின் சைட்டில் வைக்கக்கூடிய மிகக் குறைந்த தூரமே 300 மீட்டர்தான். ஜெர்மன் கெவேர் 98-இல் கூர்முனைத் தோட்டாவுக்காக மாற்றிய பின் சைட் 400-இல் தொடங்கும். இவற்றை வைத்து 100 மீட்டரில் சுட்டால் குண்டு மேலே போகத்தான் செய்யும். சோவியத் மோசினைப் பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டியபடியே சுட்டுச் சரிபார்த்தார்கள். அதைக் கழற்றிவிட்டுச் சுட்டால் குண்டு படும் இடமே மாறும். இந்த மாதிரி ரைஃபிள்களில் உயரமான புது முன் சைட் போடுவது நியாயம், ஆனால் பழையதைப் பழுது என்று சொல்லக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள், போல்ட்டைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சைட் இப்போது எங்கே நிற்கிறது என்பதை ஒரு மெல்லிய கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெர்னியர் அளவுகோலில் சைட்டின் அடிப்பாக அகலத்தையும் முனையின் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவி) மரத்துண்டோ தடித்த தோலோ வைத்து, சைட்டுக்கு மிக அருகில் குழலைப் பிடியுங்கள். ரைஃபிளின் மரக்கட்டையைப் பிடித்துவிட்டுக் குழலின் நுனியில் அடித்தால் அடியின் வேகமெல்லாம் குழலின் துள்ளலில் போய்விடும், சைட் அப்படியே நிற்கும்.

முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். கம்பி பித்தளையாக இருக்கட்டும், சைட்டின் அடிப்பாகத்தில் மட்டும் படட்டும், முள்ளில் படவே கூடாது. நூறு செல்லத் தட்டல்களைவிடக் கனமான சுத்தியலில் அளவான நான்கு அடி நல்லது. வராவிட்டால் ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டலாம். தீ உமிழும் கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். சில மவுசர்களில் அடிக்கட்டையே குழலில் பற்றவைத்திருக்கும், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். சைட்டைக் கழற்றப் போய் அடிக்கட்டையே கையோடு வந்துவிடும். பின்னாலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாக வெளியே தள்ளுவது பொதுவான வழக்கம். ஆனாலும் பள்ளத்தின் இரண்டு வாயையும் அளந்து, எது அகலமோ அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

புது சைட் எவ்வளவு உயரம் வேண்டும்? இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள நீளத்தைக் குண்டு விலகும் அளவால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுக்க வேண்டும். சைட் இடைவெளி 600 மில்லிமீட்டர், 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் மேலே போகிறது என்றால், விடை 0.6 மில்லிமீட்டர். அவ்வளவு உயரம் கூட்ட வேண்டும். ஆம், கூட்டத்தான் வேண்டும்! இதில்தான் பலரும் தலைகீழாக யோசிப்பார்கள். முன் சைட் குண்டைத் துரத்தும் என்று நினைவில் வையுங்கள்: குண்டு மேலே போனால் முனையும் மேலே, வலப்பக்கம் போனால் சைட்டும் வலப்பக்கம். லீ என்ஃபீல்டுக்கு 0.015 அங்குல இடைவெளியில் வெவ்வேறு உயரப் பிளேடுகள் உண்டு. நம்பர் 4-இல் ஒரு படி ஏறினால் 100 கஜத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குல வித்தியாசம். மற்ற ரைஃபிள்களுக்கு வேண்டியதைவிட உயரமாக வாங்கி, சுடும் மைதானத்தில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேயுங்கள்.

உள்ளே போடும்போது புது சைட் கையால் தள்ளி மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும், மீதிக்குத் தட்டல் வேண்டும். இறுக்கமாக இருந்தால் சைட்டின் அடியைத் தேயுங்கள், ரைஃபிளின் பள்ளத்தில் அரம் படக் கூடாது. சைட் பத்து வாங்கலாம், பள்ளம் ஒன்றுதான். குழலில் ஒட்டிய பித்தளைக் கறை செப்புக் கரைப்பானில் போய்விடும். குண்டு சரியான இடத்தில் விழுந்ததும் சைட்டுக்கும் அடிக்கட்டைக்கும் குறுக்கே ஒரே கோடாகப் புதிய குறி போடுங்கள், ஸ்க்ரூ இருந்தால் இறுக்குங்கள்.

கழற்றிய பழைய சைட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய் தடவி ஒரு சின்னப் பையில் போட்டு ரைஃபிளோடு வையுங்கள். நான் நசுக்கிய அந்தப் பிளேடுகூட இன்னும் என்னிடம் இருக்கிறது.