மராக்கெஷ் செல்பவருக்கு: பட்டறை முதலில், அரண்மனை பிறகு
வாசகர் கேள்வி – பதில்

மொரோக்கோ நாட்டின் கைவினைகளையும் கட்டடங்களையும் காண்பதற்கென்றே சில நாள் பயணம் செல்ல விரும்புவோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் வந்த கடிதங்களே மிகுதி. தறியும் வெள்ளிப் பட்டறையும் நிறைந்த ஊர்க்காரர்கள் என்பதால், ஒரு பொருளை யார், எப்படிச் செய்கிறார்கள் என்ற அக்கறை அவற்றில் தெரிந்தது. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறேன்.

கேள்வி: துபாயில் வேலை செய்யும் மகளைப் பார்க்கச் செல்கிறோம். அங்கிருந்து மொரோக்கோவுக்குச் சென்று, நான்கு நாளில் காசாபிளாங்கா, ஃபெஸ், மராக்கெஷ் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று பயண முகவர் சொல்கிறார். முடியுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: முடியும் அம்மா, ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. காசாபிளாங்காவிலிருந்து மராக்கெஷுக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். மராக்கெஷிலிருந்து ஃபெஸுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். நான்கு நாளில் ஒரு முழுப்பகல் ரயில் பெட்டியிலேயே கழிந்துவிடும். கைவினைக்காகச் செல்பவர் ஒரே ஊரில் தங்கி, ஒரே தெருவுக்கு இரண்டாவது முறையும் போக வேண்டும். முதல் முறை கடைக்காரர்தாம் கண்ணில் படுவார். கடைக்குப் பின்னால் அமர்ந்து வேலை செய்பவர் இரண்டாம் முறைதான் தெரிவார்.

எந்த ஊர் என்று கேட்டால், முதல் பயணத்துக்கு மராக்கெஷைச் சொல்வேன். தோல் பதனிடுதலிலும் ஓட்டு வேலையிலும் தனி ஈடுபாடு உள்ளவர் மட்டும் ஃபெஸைத் தேர்ந்துகொள்ளலாம். 859ஆம் ஆண்டு ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாகப் போற்றப்படும் அல்-கராவியீன் பள்ளிவாசலும், வண்ணத் தொட்டிகள் நிறைந்த சுவாரா தோல் பதனிடும் களமும் அங்கே உள்ளன. ஆனால் ஃபெஸின் பழைய நகரம் மிகப் பெரியது. ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களைச் சோதிக்கும். மராக்கெஷ் சமதளம், பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

முதல் நாள் காலையில் அரண்மனைக்குப் போகாமல் பட்டறைத் தெருக்களுக்குப் போங்கள். இரும்படிப்போருக்கு ஹத்தாதீன், சாயம் தோய்ப்போருக்கு ஸப்பாகீன், தச்சர்களுக்குச் சுவாரி என்று தொழில்வாரியாகச் சந்துகள் பிரிந்திருக்கின்றன. தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து மரத்தைச் சுழற்றி, மறு கையாலும் வெறுங்காலாலும் உளியைப் பிடித்துக் கடைசல் வேலை செய்பவரை அங்கே காணலாம். மரம், சாந்து, ஓடு ஆகியவற்றில் கை எப்படி இயங்குகிறது என்பதைக் கண்ட பிறகு அரண்மனைக்குள் நுழைந்தால், அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு நகராமல் ஒவ்வொரு சுவரின் முன்பும் நிற்பீர்கள்.

காசாபிளாங்காவில் இறங்குவதால் அங்கே அரை நாள் ஒதுக்குவது தவறில்லை. 1993இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் ஹசன் பள்ளிவாசலுக்குள் வழிகாட்டியுடன் பிற மதத்தவரும் செல்லலாம். நாட்டின் பெரும்பாலான பள்ளிவாசல்களில் அந்த அனுமதி இல்லை. ஆகவே அந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மராக்கெஷில் ஒரே ஒரு கட்டடத்தை ஊன்றிப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்க வேண்டும்? – மாணவர், ஏற்காடு

பதில்: பென் யூசுஃப் மதரஸாவைப் பாருங்கள். மொரோக்கோவை ஆண்ட ஸஅதி அரச மரபைச் சேர்ந்த சுல்தான் அப்துல்லா அல்-காலிப் ஆட்சியில், 1564–65இல் எழுந்த சமயக் கல்விக்கூடம் அது. நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பதற்கான அறிகுறி எதுவுமே தெரியாது. வெறும் சுவரும் ஒரு வாசலும் இருண்ட நடையும் கடந்து திரும்பினால், வானம் திறந்த முற்றமும் நடுவில் நீர்த்தொட்டியும் எதிர்ப்படும்.

அந்த முற்றத்துச் சுவரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஆள் உயரம் வரை பளபளப்பான வண்ண ஓட்டுச் சில்லுகள். அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச் சாந்து. உச்சியில் அட்லஸ் மலைக்காட்டின் தேவதாரு மரம். இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கை படும், முதுகு உரசும், தண்ணீர் தெறிக்கும் பகுதிக்குச் சுட்ட ஓடு. மென்மையாகவும் நுணுக்கமாகவும் வெட்டக்கூடிய சாந்து, கை எட்டாத உயரத்தில். நிழல் தரும் இறவாரத்துக்கும் விதானத்துக்கும் மரம். ஒவ்வொரு பொருளும் தன்னால் தாங்க முடிந்த இடத்தில் நிற்கிறது. அலங்காரம் அதற்கு இசைந்து அமைகிறது. மாடியில் மாணவர் தங்கிய 100-க்கும் மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன. முற்றத்தின் செழிப்பைப் பார்த்துவிட்டு அந்த அறைகளின் எளிமைக்குள் நுழைந்து, சாளரத்தின் வழியே வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று கவனியுங்கள். புகைப்படம் எடுப்பதைவிட ஒரு மணி நேரம் அமர்ந்து வரைவது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

நேரம் இருந்தால் எல் பதி அரண்மனையின் இடிபாட்டையும் பாருங்கள். சுல்தான் அஹ்மத் அல்-மன்சூர் 1578இல் பெருவெற்றி ஒன்றுக்குப் பின் கட்டத் தொடங்கிய அந்த மாளிகையின் பளிங்கையும் அலங்காரங்களையும் பின்னாளில் சுல்தான் மௌலாய் இஸ்மாயில் பெயர்த்து எடுத்துக்கொண்டார். மற்ற இடங்களில் ஓட்டுக்கும் சாந்துக்கும் பின்னால் மறைந்திருக்கும் மண்சுவரின் கனம் இங்கே அப்படியே தெரிகிறது. ஒரு மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அல்-மன்சூரின் ஸஅதி மரபினரின் கல்லறை மண்டபம் அருகிலேயே இருக்கிறது. அங்கே இத்தாலியின் கராரா பளிங்குத் தூண்கள் பன்னிரண்டு, சேதமின்றி நிற்கின்றன. இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பது நல்லது.

நகரைச் சூழ்ந்த மதிலையும் விட்டுவிடாதீர்கள். பலகைச் சட்டத்துக்குள் ஈரமண்ணைக் கொட்டி இடித்து இறுக்கி எழுப்பிய 12ஆம் நூற்றாண்டுச் சுவர் அது. அதில் வரிசையாகத் தெரியும் துளைகள் சாரமரங்கள் செருகப்பட்ட இடங்கள். மராக்கெஷின் செந்நிறம் அந்த மண்ணின் நிறமே.

இக்காலக் கட்டடம் ஒன்றும் வேண்டுமென்றால், ஸ்டூடியோ கோ நிறுவனம் வடிவமைத்து 2017இல் திறக்கப்பட்ட, பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் பெயரிலான அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அதன் வெளிச்சுவரில் சுட்ட செங்கற்களைத் துணியின் இழையை நினைவூட்டும்படி அடுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வீடு கட்டி வருகிறோம். மொரோக்கோ டைல்ஸை வாங்கி வந்து குளியலறையில் பதிக்க ஆசைப்படுகிறேன். சரிவருமா? – இல்லத்தரசி, நாகலூர்

பதில்: வாங்கி வருவதற்கு முன் அது உருவாகும் விதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்; அதன் பிறகு நீங்களே முடிவெடுப்பீர்கள். ஸெல்லிஜ் எனப்படும் அந்த வேலையில் படம் அச்சிட்ட ஓடு கிடையாது. களிமண்ணை உள்ளங்கை அளவுச் சதுரமாக்கி, காயவைத்து, ஒரே நிற மெருகு பூசிச் சுடுகிறார்கள். பிறகு கனத்த, கூர்மையான சுத்தியால் அந்தச் சதுரத்தைக் கொத்தி விண்மீனாகவும் சாய்சதுரமாகவும் மெல்லிய பட்டையாகவும் சில்லுகளை வெட்டி எடுக்கிறார்கள். ஓரம் சற்றே பிசகினாலும் அடுத்த சில்லுடன் பொருந்தாது. அவற்றைத் தரையில் மெருகு கீழ்நோக்கும்படி அடுக்கும்போது, அடுக்குபவர் கண்ணுக்குத் தெரிவது நிறமற்ற முதுகுப்புறம் மட்டுமே. எந்த நிறம் எங்கே என்பதை மனத்தில் வைத்தே கோலத்தை நிறைவு செய்கிறார். பின்புறம் சாந்து ஊற்றி இறுகிய பிறகு பலகையாகத் தூக்கிச் சுவரில் பொருத்துகிறார்கள். எனக்கு மொரோக்கோவின் கைவினைகளில் எல்லாவற்றுக்கும் மேலாகத் தோன்றுவது இந்த வேலையே.

ஆகவே சில்லுகளை மட்டும் பெட்டியில் கொண்டுவந்தால், அவற்றைப் பதிக்கும் கை இங்கே இருக்காது. எடையும் உங்கள் விமானப் பெட்டிக்குப் பொருந்தாது. தரைக்கு நிறமும் கோலமும் வேண்டுமானால், கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவை ஊற்றிக் கையால் செய்யும் ஆத்தங்குடிக் கற்கள் நம்மிடமே உள்ளன.

குளியலறைக்காக மராக்கெஷில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. தடெலாக்ட் என்ற சுண்ணாம்புப் பூச்சு. அப்பகுதிச் சுண்ணாம்பைச் சுவரில் பூசி, ஈரம் முழுவதும் போவதற்கு முன் வழவழப்பான ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து இறுக்கி, ஆலிவ் எண்ணெயில் செய்த கரும் சோப்பைப் பூசி மீண்டும் மெருகேற்றுகிறார்கள். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து நீரில் கரையாத படலம் ஒன்றை உண்டாக்கி நுண்துளைகளை அடைப்பதால், சுவர் தண்ணீரைத் தாங்குகிறது. அங்குள்ள பொதுக் குளியல் இல்லங்களில் தலைமுறைகளாகப் பயன்பட்டு வரும் பூச்சு இது. முட்டை வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்த செட்டிநாட்டுச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவருக்கு அந்த வழவழப்பு புதிதாக இராது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் ஈரமும் நிறைந்த ஏற்காட்டில், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை வைத்து முதலில் ஒரு சிறிய சுவரில் செய்து பார்த்து, ஒரு மழைக்காலம் கழித்து முடிவெடுங்கள். அமிலக் கழுவுநீர் எதையும் அதன் மேல் ஊற்றக் கூடாது.

கேள்வி: நான் பட்டு நெசவாளர். மொரோக்கோ கம்பளங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்கிறார்களே, நெசவு முறையில் என்ன வேறுபாடு? வாங்கினால் எப்படிச் சோதிப்பது? – வாசகர், அம்மாபேட்டை

பதில்: நம் தறியில் பாவு (நீளவாக்கு இழை) படுத்திருக்கிறது, அங்கே மலைக்கிராமப் பெண்கள் வீட்டில் வைத்திருக்கும் தறியில் பாவு செங்குத்தாக நிற்கிறது. பாவிழைகளில் கம்பளி நூலை ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, ஒரு வரிசை முடிந்ததும் ஊடை (குறுக்கிழை) கொடுத்து, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். கோலத்தைத் தறிக்கு உணர்த்தும் துளையிட்ட ஜக்கார்டு அட்டையும் இல்லை, பெரும்பாலும் வரைபடமும் இல்லை. கோலம் நெய்பவரின் நினைவிலிருந்தே வருகிறது. மத்திய அட்லஸ் பகுதியின் பெனி உராயின் கம்பளம் சாயம் தோய்க்காத வெண்கம்பளியில் கருங்கோடுகளால் ஆனது. அஸிலால் கம்பளங்கள் பல நிறத்தவை. முடிச்சு இல்லாத தட்டை நெசவு விரிப்புகளும் உண்டு. பவானி ஜமக்காளம் அறிந்தவர்கள் அவற்றை உடனே புரிந்துகொள்வார்கள்.

சோதனையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்தினால், கம்பளி முடி கருகும் வாடையுடன் பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணிபோல் உருளும். கம்பளத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் பாருங்கள். முடிச்சுகள் அங்கே தெரிய வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "கற்றாழைப் பட்டு" என்ற பெயரில் மினுமினுக்கும் விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கே குவிந்திருக்கும். சந்தையில் அப்படி விற்கப்படுவதில் பெரும்பகுதி மரக்கூழிலிருந்து ஆலையில் செய்யும் விஸ்கோஸ் நூல்தான். சேலம் வெண்பட்டு நெய்யும் ஊர்க்காரர் பட்டின் விலை கொடுத்து அதை வாங்கினால் எனக்கு மனம் தாளாது. விலைக்கு முன் நூலைக் கேளுங்கள். கடைக்குப் போவதற்கு முன், பழைய மாளிகையில் அமைந்த தார் சி சயித் அருங்காட்சியகத்தில் நல்ல கம்பளங்களைக் கண்ணாரப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அங்கே வெள்ளி வேலை உண்டா? – கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உண்டு. தங்கத்தைவிட வெள்ளியையே அணிந்த அமாஸிக் (பெர்பர்) பூர்வகுடி மக்களின் நகைகள் புகழ்பெற்றவை. தோளில் ஆடையைப் பிணைக்கும் முக்கோண ஊசிகளையும் எனாமல் பதித்த காப்புகளையும் பாருங்கள். வெள்ளிக்குப் பேர்போன ஊர் தெற்கே உள்ள திஸ்னித். மராக்கெஷில் பழைய யூதர் குடியிருப்பான மெல்லா பகுதியிலும் நகைக்கடைகள் உள்ளன. பழைய வெள்ளி என்று சொல்லி நிக்கல் கலவையை விற்பதும் நடக்கிறது. டச் (வெள்ளியின் தூய்மை) பார்த்துப் பழகிய உங்கள் கண்ணை நம்புங்கள். அரசு முத்திரையையும் தேடுங்கள்.

கேள்வி: நிலநடுக்கம் வந்த ஊருக்கு இப்போது போகலாமா? – வாசகி, ஆத்தூர்

பதில்: 2023 செப்டம்பர் 8 இரவு, 6.8 அளவிலான நிலநடுக்கம் உயர் அட்லஸ் மலையில் ஏற்பட்டு, ஏறத்தாழ 3,000 உயிர்களைப் பறித்தது. மலைக்கிராமங்களே பெரிதும் நொறுங்கின. 12ஆம் நூற்றாண்டின் தின்மல் பள்ளிவாசலும் கடுமையாகச் சேதமுற்றது. மராக்கெஷின் மதிலிலும் பழைய வீடுகளிலும் விரிசல் கண்டபோதும், முக்கியக் கட்டடங்கள் மீண்டும் திறந்துவிட்டன. போகலாம், போக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். கம்பளம் நெய்யும் பெண்களில் பலர் அந்த மலைப்பகுதியினர். கூட்டுறவுக் கடைகளில் வாங்கினால் பணத்தின் கூடுதல் பங்கு அவர்களைச் சென்றடையும்.

கேள்வி: பேரம், சைவ உணவு, போக ஏற்ற மாதம் பற்றிச் சொல்லுங்கள். – வாசகர், ஓமலூர்

பதில்: ஐந்தாம் முகமது நிழற்சாலையில் அரசு கைவினை மையம் இருக்கிறது. அங்கே விலைகள் பெரும்பாலும் நிர்ணயிக்கப்பட்டவை என்பதால், முதலில் அங்கே விலைகளைக் குறித்துக்கொண்டு சந்தைக்குச் செல்லுங்கள். வேலை செய்பவரைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். வழிகாட்டுவதாகச் சொல்லி உடன் வருபவர் பின்னர் பணம் எதிர்பார்ப்பார். மெருகிட்ட மண்பாத்திரத்தைச் சமையலுக்கு வாங்க வேண்டாம். சில மெருகுகளில் ஈயம் இருக்கிறது.

மண்சட்டியில் வேகவைத்த காய்கறி தஜீன், கோதுமை ரவையில் செய்யும் கூஸ்கூஸ், கத்தரிக்காயை மசித்துச் செய்யும் ஸாலூக் ஆகியவை எங்கும் கிடைக்கும். இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹரீரா சூப்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் பட்டறைகள் பலவும் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் வேலை நேரம் மாறும். உங்கள் நான்கு நாளில் வெள்ளிக்கிழமை வருமானால், அன்றைய பிற்பகலை அரண்மனைகளுக்கு ஒதுக்கி, மற்ற நாட்களின் காலை நேரம் முழுவதையும் பட்டறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.