முதலில் குளுக்கோஸ், பிறகுதான் லாக்டோஸ்: பாக்டீரியா கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவர்: இரண்டு சர்க்கரையையும் கலந்து கொடுத்தால் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா ஏன் ஒன்றாகவே சாப்பிடுவதில்லை?

பால் சர்க்கரையான லாக்டோஸை உள்ளே இழுக்க ஒரு புரதம், உடைக்க ஒரு நொதி வேண்டும். இரண்டையும் புதிதாகச் செய்யச் செலவாகும். குளுக்கோஸுக்கான ஏற்பாடு எப்போதும் தயார். அதனால் குளுக்கோஸ் தீரும்வரை வளரும், கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் லாக்டோஸில் மறுபடி வளரும். 1941-இல் பாரிசில் உயிரியலாளர் ழாக் மோனோ தன் ஆய்வேட்டில் காட்டிய இரண்டு படி வளைவு இதுதான்.

கல்லூரி மாணவி: குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு குறையும், அதனால் லாக்டோஸுக்கான மரபணுத் தொகுப்பான லாக் ஓப்பரான் அணையும் என்று படித்தோம். சரியா?

பாதிதான் சரி. சைக்ளிக் ஏஎம்பியுடன் சேர்ந்த சிஆர்பி புரதம் மரபணுவைப் படிக்கத் தூண்டுவது உண்மை. ஆனால் 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தபோது, குளுக்கோஸில் வளரும்போதும் லாக்டோஸில் வளரும்போதும் சைக்ளிக் ஏஎம்பியின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பெரிய வேலை வாசலில் நடக்கிறது. குளுக்கோஸ் உள்ளே வரும்போது இஐஐஏ என்ற புரதம் தன் பாஸ்பேட்டை அதற்குக் கொடுத்துவிடும். பாஸ்பேட் இழந்த இஐஐஏ, லாக்டோஸை இழுக்கும் புரதத்தைப் பிடித்து அடைத்துவிடும். லாக்டோஸ் வராவிட்டால் அதிலிருந்து அல்லோலாக்டோஸ் உருவாகாது. அல்லோலாக்டோஸ் இல்லாமல், ஓப்பரானைப் பூட்டி வைக்கும் அடக்கிப் புரதம் டிஎன்ஏவை விட்டு நகராது. பாடப்புத்தகங்கள் இந்த வாசல் கதையை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அதே மாணவி: இழுக்கும் புரதமே ஓப்பரானில் இருந்துதானே வருகிறது? முதல் லாக்டோஸ் எப்படி நுழையும்?

அருமையான கேள்வி. அடக்கி அவ்வப்போது டிஎன்ஏவை விட்டு விலகும். அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு புரதங்கள் உருவாகிவிடும். தொடங்க அது போதும்.

வீட்டில் தயிர் உறைய வைப்பவர்: தயிர் பாக்டீரியாவும் குளுக்கோஸைத்தான் தேடுமா?

யோகர்ட்டில் உள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் நேர்மாறு. பாலிலேயே பழகியதால் அதற்கு லாக்டோஸே முதல் விருப்பம். உடைத்து வரும் குளுக்கோஸை எரித்துக்கொண்டு, மறுபாதியான காலக்டோஸைப் பெரும்பாலும் வெளியே தள்ளும். தள்ளும்போதே அடுத்த லாக்டோஸை இழுத்துக்கொள்ளும், ஒரே கதவில்.

ஆசிரியர்: வேறு விதிவிலக்கு?

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. சக்சினேட் போன்ற கரிம அமிலங்கள் இருந்தால் குளுக்கோஸைக் காக்க வைத்துவிடும்.