பதில்: 1.7 நாளுக்கு ஒருமுறை ஒளி குறைவது கோளால்தானா?

வணக்கம். கோள் தேடும் டெஸ் விண்கலம் பதிந்த ஒரு விண்மீனின் ஒளி வளைவில் (நேரத்துக்கேற்ப ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) 1.7 நாளுக்கு ஒருமுறை 2 சதவீதம் ஒளி குறைவதாகவும், அதைக் கோள் என்று கொள்ளலாமா என்றும் காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்புக் குறைவு என்றே கருதுகிறேன். வியாழன் சூரியனுக்கு முன்னால் கடந்தால்கூட ஏறத்தாழ 1 சதவீதம்தான் குறையும்.

எல்லா இறக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துவிட்டதால் உங்கள் படத்தில் சராசரி மட்டுமே தெரிகிறது. ஒற்றைப்படை இறக்கங்களையும் இரட்டைப்படை இறக்கங்களையும் தனித்தனியே வரைந்து பாருங்கள். ஒன்றின் ஆழம் மற்றதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், அவை ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள், உண்மையான சுற்றுக்காலமும் 3.4 நாள்தான்.

இன்னொன்று, 2 மணி நேர இறக்கத்துக்கு 3 மணி நேரச் சாளரம் (ஒரே சமயத்தில் சராசரி எடுக்கும் கால அளவு) வைத்து, மெதுவான ஒளி மாற்றங்களை நீக்கி வளைவைத் தட்டையாக்கியிருக்கிறீர்கள். அது இறக்கத்தின் ஒரு பகுதியையே விழுங்கிவிடும் என்பதால், சாளரத்தை ஒரு நாள் அளவுக்கு விரித்துப் பார்ப்பது நல்லது. ஆழம் இன்னும் கூடினால் வியப்பில்லை.

டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி வானில் 21 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு) அகலம் கொண்டது என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தால் நம் வளவின் வெளிச்சமும் சற்று மங்குவதைப் போல, அருகிலுள்ள வேறொரு விண்மீனின் மறைப்பு உங்கள் வளைவில் பதிந்திருக்கலாம். கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் அண்டை விண்மீன்களைத் தேடி, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் தனி வளைவு வரையுங்கள்.

விண்மீன் போதிய பிரகாசமுள்ளதாயின், 2 சதவீத இறக்கத்தைக் கேமரா பொருத்திய சிறு தொலைநோக்கியால் மொட்டைமாடியிலிருந்தே அளக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்தபின் முயலுங்கள்.