மகனை விடுதியில் சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. நான்கு மாதமாகப் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை, இரவில் நேரம் கழித்து வருகிறான். நண்பர்களோடு சேர்ந்து சைக்கிள் திருடி மாட்டிக்கொண்டான். ‘கண்டிப்பான விடுதியில் ஒரு வருடம் போடுங்கள், திருந்திவிடுவான்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தற்கொலைப் பேச்சு, ஆயுதம், கடுமையான போதை, வீட்டிலேயே அவனுக்கு ஆபத்து, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரையோ குழந்தைகள் நல அதிகாரிகளையோ அணுகுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இந்த நிலையில் இருக்கும் பையனை வீட்டில் வைத்துக்கொண்டே திருத்த முடியும்.

விடுதியைப் பற்றிய எங்கள் முதல் கவலை, அங்கே கூட இருக்கப்போகும் பையன்கள். தாமஸ் டிஷியன் என்ற அமெரிக்க உளவியலாளர், பதின்ம வயதுப் பையன்கள் பேசிக்கொள்வதை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்தார். ஒருவன் தான் செய்த தப்பைச் சொல்கிறான், மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் பரிசு. அது கிடைக்கக் கிடைக்க அந்தப் பேச்சு வளர்கிறது, பின்னால் செயலாகவும் ஆகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு, வழிதவறக்கூடிய பையன்களுக்கு ஆலோசனையும் உதவியும் தந்து பார்த்தது. அதிலும், கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்ட பையன்கள்தான் பிற்காலத்தில் அதிகம் கெட்டுப்போனதாகக் குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் கண்டார். சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்களும் பலன் தரவில்லை. அவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிடக் கூடுதலாகவே பிறகு குற்றம் செய்தார்கள்.

பள்ளிக்குப் போகாததன் காரணத்தை முதலில் கண்டுபிடியுங்கள். வாசிக்கத் திணறுகிறானா, யாராவது மிரட்டுகிறார்களா, தூக்கம் கெட்டிருக்கிறதா? வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசினால் பாதி தெரிந்துவிடும். அடுத்தது குடும்ப சிகிச்சை. வாரம் ஒரு அமர்வு வீதம் சுமார் மூன்று மாதம் ஆகும், நீங்களும் உட்கார வேண்டும். நிலைமை முற்றியிருந்தால், ஆலோசகரே வீட்டுக்கு வந்து மூன்று முதல் ஐந்து மாதம் வேலை செய்யும் முறை உண்டு. அதில் ஒரு ஆலோசகரிடம் நான்கு முதல் ஆறு குடும்பங்கள்தான் இருக்கும், இரவில் அழைத்தாலும் ஆள் கிடைக்கும்.

வழிகாட்டி அண்ணன் ஒருவரை ஏற்பாடு செய்வதும் நல்லது. ஆனால் ஒரு வருடமாவது தொடர்ந்து வருவேன் என்று உறுதி சொல்பவராக இருக்கட்டும். இரண்டு மூன்று மாதத்தில் காணாமல் போகிறவர், பையனின் தன்மதிப்பை முன்பிருந்ததைவிடக் குறைத்துவிட்டுப் போவார்.

வீட்டில் தண்டனை சிறியதாக, அன்றன்றே முடிவதாக இருக்கட்டும். ‘ஒரு மாதத்துக்குப் போன் கிடையாது’ என்றால் மூன்றாம் நாளே அவனுக்கு இழக்க ஒன்றுமில்லாமல் போய்விடும், அப்புறம் எந்த விதிக்கும் மதிப்பிருக்காது. ஒரு மாலைக்கு மட்டும் வாங்கி வையுங்கள், மறுநாள் காலை சொன்னபடி திருப்பிக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தால் அன்றிரவே அதைப் பாராட்டிச் சொல்லுங்கள். வெளியே போகும்போது எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு வருவாய் என்று தினமும் கேளுங்கள், கோபப்பட்டாலும் கேளுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் வெளியே தங்கவைத்தே ஆகவேண்டும் என்றால், பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். ஒரு வீட்டில் ஒரு பையன் மட்டும், ஆறு முதல் ஒன்பது மாதம். அந்தக் குடும்பத்துக்குத் தினமும் போன் செய்து, அன்று என்னென்ன நடந்தது என்று, அந்த ஏற்பாட்டை நடத்தும் அமைப்பின் ஊழியர் கேட்டுக் குறித்துக்கொள்வார். அதற்கு வழியில்லாமல் விடுதிதான் என்றால், நேரில் போய்க் கேளுங்கள்: ஒரு அறையில் எத்தனை பேர்? இரவில் விழித்திருக்கும் ஊழியர் யார்? தனியறையில் பூட்டுவது, சாப்பாட்டை நிறுத்துவது உண்டா? யாரும் ஒட்டுக் கேட்காமல் அவன் எங்களோடு பேசலாமா? ‘முதல் மூன்று மாதம் பெற்றோர் பேசக் கூடாது’ என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம்.

கடைசியாக, அவன் வீடு திரும்பும் நாளுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். எந்தப் பள்ளி, யார் வாரா வாரம் வந்து பார்ப்பது, பழைய கூட்டாளிகள் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் சேரும்போதே எழுத்தில் இருக்க வேண்டும். விடுதியில் ஒழுங்காக இருந்த பையன்களும் வீடு திரும்பியபின் மறுபடி சறுக்கக்கூடும்.